வீட்டுக்குள் வளரும் சப்பாத்திக்கள்ளி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் காட்டு ஓரங்களில் யாரும் ஒரு செம்பு தண்ணீர்கூட ஊற்றாமல் ஆளுயரம் வளர்ந்து நிற்கும் செடி, வீட்டுக்குள் ஒரு தொட்டியில் வைத்ததும் ஒரே மழைக்காலத்தில் அழுகிப்போகிறது. ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு உறவினரும் அக்கம்பக்கத்தாரும் பழுதுபார்க்கச் சொல்லிக் கொண்டுவருகிற கள்ளித் தொட்டிகளில் திரும்பத் திரும்பக் காண்பவை ஏழெட்டுக் கோளாறுகள்தான். அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே தந்திருக்கிறேன். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வரும். நாற்றுப்பண்ணைகளில் அதிகம் விற்கும் முயல்காதுக் கள்ளியும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான் என்பதால் அதற்கும் இவை பொருந்தும்.

எந்தத் தலைப்புக்குப் போவதற்கு முன்னும் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். சீமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் விளிம்போரமாக அடிவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். குச்சியின் நுனி கறுத்து, மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அடியில் ஈரம் இருக்கிறது. சுத்தமாக வந்தால் அடிவரை காய்ந்திருக்கிறது. மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மேலே புழுதி பறக்கும் தொட்டியின் அடியில் சேறு இருப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற நிலை.

அறிகுறி 1: மடல் சுருங்கி, மெலிந்து, தொய்ந்துபோகிறது

மடல் என்பது கள்ளியின் தட்டையான பச்சைத் தண்டு. இந்த ஓர் அறிகுறிக்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றில் செடியைக் கொன்றுவிடும். ஆகவே ஈர்க்குச்சி சொல்வதைக் கேட்டுப் பிரிந்து செல்லுங்கள்.

*குச்சி காய்ந்து வந்தால்*

பெரும்பாலும் இது வெறும் தாகம். தொட்டியின் அடித்துளை வழியாக நீர் ஒழுகும் வரை ஊற்றி, ஒழுகிய நீரைத் தட்டிலிருந்து கொட்டிவிடுங்கள். மூன்று நான்கு நாட்களில் மடல் மீண்டும் தடித்துவிட்டால் வேலை முடிந்தது.

ஊற்றியும் தேறவில்லை என்றால், நீர் வேருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று சந்தேகப்படுங்கள். நாற்றுப்பண்ணையிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னைநார்க் கழிவில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. அது ஒருமுறை முழுதும் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகிவிடும். ஊற்றுகிற நீர் அந்த இடைவெளி வழியாக இறங்கி அடித்துளையில் ஒழுகி, நன்றாக ஊற்றிவிட்டோம் என்று நம்மை நம்பவைக்கும். நீர் ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். எடை கூடவில்லை என்றால் தொட்டியை ஒரு பேசின் தண்ணீரில் பாதி உயரம் வரை அமிழ்த்தி இருபது நிமிடம் வைத்து எடுத்து, நன்றாக வடியவிடுங்கள். இது தற்காலிக நிவாரணம்தான். அடுத்த வெயில் காலத்துக்குள் மண்ணை மாற்றிவிட வேண்டும்.

*குச்சி ஈரமாக வந்தால்*

ஒரு சொட்டு நீர்கூட ஊற்றாதீர்கள். ஈரம் இருந்தும் மடல் சுருங்குகிறது என்றால் அந்த ஈரத்தை உறிஞ்ச வேர் இல்லை என்று பொருள். முதலில் தொட்டியின் அடியைப் பாருங்கள்: துளை இருக்கிறதா, அடைத்திருக்கிறதா, அழகுக்காக வைத்த வெளிப் பீங்கான் தொட்டிக்குள் நீர் தேங்கியிருக்கிறதா? துளையில்லாத தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது நீர் தேங்குமிடத்தைக் கொஞ்சம் மேலே நகர்த்துவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. துளை போடுங்கள், அல்லது தொட்டியை மாற்றுங்கள்.

அடுத்து, நாளிதழைப் பல மடிப்பாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும் வேர் நல்ல வேர். கறுத்து, இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வருவது செத்த வேர். பாதிக்கு மேல் நல்ல வேராக இருந்தால் செத்ததை வெட்டிவிட்டு, ஒரு வாரம் நிழலில் காயவைத்துப் புதிய மண்ணில் நடுங்கள். எல்லாமே செத்திருந்தால் அடுத்த தலைப்புக்குச் செல்லுங்கள். வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெள்ளை மாவு அப்பியதுபோல் தெரிந்தால் அது வேர் மாவுப்பூச்சி. வேரைக் கழுவி, பழைய மண்ணை வீட்டுத் தோட்டத்தில் கொட்டாமல் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

மண் கலவை பற்றி: ஒரு பங்கு செம்மண், ஒன்றரைப் பங்கு கழுவிய எம்-சாண்ட், அரைப் பங்கு உடைத்த செங்கல் ஜல்லி, ஒரு கைப்பிடி மக்கிய எரு. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள பாறைப்பொடி சிமெண்டுப் பால்போல இறுகி வடிகாலை அடைத்துவிடும். கரிசல் மண் வேண்டவே வேண்டாம். தொழுவுரத்தை அள்ளிக் கொட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். கத்தரிக்கு அது சரி, கள்ளிக்கு அது கொழகொழத்த வளர்ச்சியைத்தான் தரும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெயில் படும் ஜன்னலில் இருக்கும் நடுத்தர மண்தொட்டிக்கு மாசி முதல் வைகாசி வரை பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறையும், மழை மாதங்களில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் போதும். ஆனால் ஆடி மாதத்தில் பொள்ளாச்சியிலும் கோவையின் மேற்குப் பக்கத்திலும் சாரல் அடித்துக்கொண்டிருக்கும்போது, மூலனூரில் வெறும் காற்றுதான் அடிக்கும். ஒரே நாட்கணக்கு இரண்டு ஊருக்கும் பொருந்தாது, குச்சியையே நம்புங்கள்.

அறிகுறி 2: அடிப்பகுதி நிறம் மாறுகிறது

*பழுப்பாகி, அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது*

இது நோயன்று. முதிர்ந்த செடியின் அடிமடல் மரப்பட்டைபோல் தடிப்பது இயல்பு. விட்டுவிடுங்கள்.

*கறுத்து, அழுத்தினால் அமுங்குகிறது, அல்லது நாற்றம் வருகிறது*

இது அழுகல். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாத கோளாறு இது, ஏனெனில் அழுகல் ஒரு மடலிலிருந்து அடுத்த மடலுக்குச் சில நாட்களில் ஏறிவிடும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் கத்தியைத் துடைத்துவிட்டு, மென்மையான பகுதிக்கு இரண்டு விரல்கடை மேலே, கெட்டியான இடத்தில் குறுக்காக வெட்டுங்கள். வெட்டுமுகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். வெளியோரம் பச்சை, நடுவில் வெளிறிய பச்சை, மேலே நூல்போல இழுபடும் பசை: இப்படி இருந்தால் நல்ல தசையை அடைந்துவிட்டீர்கள். நடுவில் பழுப்புப் புள்ளிகளோ துருநிற வளையமோ தெரிந்தால் அழுகல் இன்னும் மேலே ஓடுகிறது. கத்தியை மறுபடி துடைத்துவிட்டு இன்னும் மேலே வெட்டுங்கள். துடைக்காமல் வெட்டினால் நோயை நீங்களே மேலே ஏற்றிவிடுவீர்கள்.

கிடைத்த நல்ல மடலை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் நிறுத்திவையுங்கள். வெட்டுமுகம் அட்டைபோலக் காய்ந்து கெட்டியாக வேண்டும். வெயில் காலத்தில் அதற்கு ஒரு வாரம் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மின்விசிறிக்கு அடியில் வைத்தாலும் இரண்டு வாரம் ஆகலாம். மஞ்சள்தூள் தடவலாமா என்று கேட்பார்கள். தடவினால் கெடுதல் இல்லை. ஆனால் வெட்டுமுகத்தைக் காப்பது அது நன்றாகக் காய்வதுதான், தூளன்று. காய்ந்த மடலைச் சற்றே ஈரம் உள்ள கலவையில் கால் பங்கு உயரம் புதைத்து, சாயாமல் இருபுறமும் கல் வைத்து, பத்து நாள் கழித்து முதல் நீரைக் கொஞ்சமாக ஊற்றுங்கள். மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரியும். பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி நல்ல வெயிலில் காயவைத்தபின் பயன்படுத்தலாம்.

எல்லா மடலிலும் வெட்டுமுகம் பழுப்பாகவே வந்தால் அந்தச் செடிக்குப் பொழுது முடிந்துவிட்டது. சாதாரண இனமென்றால் யாரையும் அழைக்கத் தேவையில்லை. தெரிந்தவர் வீட்டில் ஒரு மடல் கேட்டு வாங்குவதே மலிவு. விலை கொடுத்து வாங்கிய பலவண்ண இனமாகவோ ஒட்டுக் கட்டிய செடியாகவோ இருந்தால் மட்டும், நுனியில் மிஞ்சிய நல்ல துண்டை அன்றைக்கே கள்ளி வளர்க்கும் நாற்றுப்பண்ணைக்காரரிடம் எடுத்துச் சென்று, வேறு கள்ளியின் மேல் ஒட்டுக் கட்ட முடியுமா என்று கேளுங்கள்.

அறிகுறி 3: புதிய மடல் அகலமாக வராமல் மெலிந்து, வெளிறி, விரல்போல நீள்கிறது

வெளிச்சம் போதவில்லை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வெளிச்சம் ஏன் போதவில்லை என்பதைத்தான் தேட வேண்டும். காலை பத்து மணிக்குத் தொட்டியின் மேல் கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் விளிம்பு கத்திபோலத் தெளிவாக விழ வேண்டும். மங்கலாக விழுந்தாலோ நிழலே இல்லாவிட்டாலோ அந்த இடம் கள்ளிக்கு இருட்டுதான். நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் நேர்வெயில் தேவை.

முதல் காரணம் கொசுவலையும் நிறம் பூசிய கண்ணாடியும். நம் கண்ணுக்கு அறை பளிச்சென்று தெரிந்தாலும் இவ்விரண்டும் வெளிச்சத்தைக் கணிசமாகக் குறைத்துவிடுகின்றன. பகலில் கண்ணாடியைத் திறந்துவைக்க முடியுமா என்று பாருங்கள்.

இரண்டாவது காரணம் ஜன்னலின் திசை. குளிர்நாட்டார் எழுதும் குறிப்புகள் எல்லாம் தெற்கு ஜன்னலில் வைக்கச் சொல்கின்றன. அது அவர்கள் ஊருக்குச் சரி. கோவை ஏறக்குறைய 11 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் பின்பாதியில் நம் தலைக்கு நேரே வரும் சூரியன், ஆகஸ்ட் பின்பாதியில் திரும்பி வரும்வரை நமக்கு வடக்கே இருக்கிறது. அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு நேர்வெயில் கிடைப்பதில்லை. அதோடு ஜன்னலுக்கு மேலே இரண்டடி நீளும் சன்ஷேடு உச்சிவெயிலையும் தடுத்துவிடும். ஆகவே நம் வீடுகளில் ஆண்டு முழுதும் கைகொடுப்பவை கிழக்கு, மேற்கு ஜன்னல்கள்தாம். தெற்கு ஜன்னல்தான் உண்டென்றால் புரட்டாசி முதல் பங்குனி வரை அங்கே வைத்துவிட்டு, மற்ற மாதங்களில் சிட்-அவுட்டுக்கோ மாடிப்படி ஓரத்துக்கோ மாற்றுங்கள்.

இடமாற்றம் எதுவும் பலிக்காத அடுக்குமாடி வீட்டுக்கு மட்டும் எல்இடி வளர்ப்பு விளக்கு. செடிக்கு மேலே ஓரடிக்குள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் எரிய வேண்டும். செலவு அதிகம் என்பதால் கடைசியில் சொல்கிறேன்.

ஒருமுறை மெலிந்து நீண்ட மடல் பிறகு அகலமாகாது. வெளிச்சத்தைச் சரிசெய்தபின் அதை மூட்டில் வெட்டி எடுத்துவிட்டால் புதிய மடல் நல்ல வடிவில் வரும். இருட்டிலிருந்த செடியை ஒரே நாளில் வெயிலில் வைக்காதீர்கள். முதல் நாள் ஒரு மணி நேரம் என்று தொடங்கி இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

அறிகுறி 4: மடலில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது

ஒரு பல்குத்தும் குச்சியால் பஞ்சைக் கிள்ளியெடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்து நசுக்குங்கள்.

*காகிதம் குங்குமச் சிவப்பாகிறது*

இது கொச்சினீல் பூச்சி. நம் காடுகளில் சப்பாத்திக்கள்ளி இன்று அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதற்கு இதன் இனம்தான் காரணம். சாயத்துக்காக 1795-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கொச்சினீல் இனம் சாயத்துக்கு உதவாமல், ஒருவகைக் கள்ளியை அழிக்கவே உதவியது. தென்னாட்டில் புதர் மண்டியிருந்த மற்றொரு வகையை அது தொடவில்லை. அதை ஒழிக்கவென்றே 1926-இல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனம் வரவழைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் பெரும்பரப்பை வெறுமையாக்கியது. காட்டையே காலி செய்த பூச்சிக்கு ஒரு தொட்டி எம்மாத்திரம் என்பதை நினைவில் வைத்து உடனே செயல்படுங்கள். காட்டிலிருந்து மடல் கொண்டுவருபவர்கள் இரண்டு மூன்று வாரம் அதைத் தனியே வைத்துக் கவனித்த பிறகே மற்றத் தொட்டிகளோடு சேர்க்க வேண்டும்.

*வெளிர் மஞ்சளாகவோ நிறமற்றோ கசிகிறது*

இது மாவுப்பூச்சி. பெரும்பாலும் எறும்பு வரிசை கூடவே இருக்கும். எறும்பை நிறுத்தாமல் பூச்சியை மட்டும் துடைத்தால் மறுபடி வரும். ஆகவே தொட்டியை நீர் நிறைந்த தட்டின் நடுவே, நீரில் படாதபடி செங்கல்லின் மேல் வைத்து எறும்பின் வழியை அடையுங்கள்.

இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றே. முதலில் செடியை வெளியே கொண்டுபோய், மண்ணைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, குழாய் நீரைப் பீய்ச்சி அடித்துப் பஞ்சைக் கழுவுங்கள். காய்ந்தபின் மிச்சத்தைப் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொரு முட்கண்ணிலும் (முள் முளைக்கும் புள்ளியிலும்) மடல் மூட்டிலும் ஒற்றியெடுங்கள். ஒரு மடலில் ஓர் இடத்தில் தடவி, மறுநாள் தழும்பு விழவில்லை என்று பார்த்த பிறகு மற்ற இடத்துக்குப் போங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்படியிலும் சாமி விளக்கின் அருகிலும் இந்த வேலை வேண்டாம். வாரம் ஒருமுறை வீதம் நான்கு வாரம் செய்ய வேண்டும், ஏனெனில் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் முதல் தடவையில் சிக்காது. கையால் ஒற்ற முடியாத அளவுக்கு இருந்தால், ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

ஒரு மாதம் விடாமல் செய்தும் குறையவில்லை, பக்கத்துத் தொட்டிகளுக்கும் பரவுகிறது என்றால் கடைக்காரர் எடுத்துத் தரும் பூச்சிக்கொல்லியை வீட்டுக்குள் தெளிக்காதீர்கள். பாதித்த மடல் ஒன்றை இறுக்கமாகக் கட்டிய பையில் போட்டு, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்கோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ எடுத்துச் சென்று காட்டுங்கள். குழந்தைகள் உள்ள வீடு, தொட்டி வீட்டுக்குள் இருக்கிறது என்ற இரண்டையும் மறக்காமல் சொல்லுங்கள். வயலுக்குச் சொல்லும் மருந்து கூடத்துக்கு ஆகாது.

அறிகுறி 5: மடலில் தழும்பும் புள்ளியும்

வெயில் படும் பக்கத்தில் மட்டும், வெளிறிய பழுப்பில், தொட்டால் காய்ந்த தோல்போல இருந்தால் அது வெயில் சுட்ட வடு. பங்குனி, சித்திரையில் மேற்கு ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைத்த செடிக்கு இது நிச்சயம் வரும். ஓரடி உள்ளே தள்ளிவையுங்கள். வடு மறையாது, பரவவும் செய்யாது.

நகத்தால் சுரண்டினால் சிறு சிறு ஓடாகப் பெயர்ந்து வருவது செதில் பூச்சி. பழைய பல்துலக்கியில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேயுங்கள். வட்டமாகக் குழிந்து, கறுத்து, வாரந்தோறும் பெரிதாவது பூஞ்சைப் புள்ளி. அந்த மடலை மூட்டோடு எடுத்துவிட்டு, மடல் மீது நீர் படாமல் ஊற்றுங்கள். எடுத்த பிறகும் புதிய மடல்களில் வந்தால் அதே பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையில் மாதிரியைக் காட்டலாம்.

அறிகுறி 6: மண்மேலும் தொட்டியிலும் வெள்ளைப் படிவு

ஆழ்குழாய்க் கிணற்று உப்பு. படிந்த மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டிவிட்டுப் புதிய கலவை போடுங்கள். வெயில் காலத்தில் ஒருநாள், சிறுவாணித் தண்ணீரோ சேமித்த மழைநீரோ கொண்டு தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டால் உள்ளே சேர்ந்த உப்பும் இறங்கிவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுபவர்கள் பலர். அந்த நீரில் குழாய் நீரைவிட உப்பு அதிகம். அதைக் கழிவறைக்கும் வாசல் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 7: புதிய மடலிலிருந்து சிறு இலைகள் உதிர்கின்றன, பூக்கவே இல்லை

முதலாவது கோளாறே அன்று. இளம் மடலில் கொம்புபோல முளைக்கும் சிறு இலைகள் மடல் முற்றும்போது உதிர்ந்துவிடும். இரண்டாவதற்கு மாடி வெயிலைத் தவிர மருந்தில்லை: பிப்ரவரி முதல் மே வரை வெளியே வைத்துப் பாருங்கள். ஒற்றை மடலாக நட்ட செடி பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். அறைக்குள்ளேயே பூக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் வேறு செடி வளர்ப்பது நல்லது.

அறிகுறி 8: கையில் சுணை ஏறி அரிக்கிறது

பெரிய முள்ளைவிட முட்கண்ணில் கொத்தாக இருக்கும் சுணைதான் தொல்லை. முயல்காதுக் கள்ளியில் முள்ளே இல்லை என்று நம்பிக் குழந்தைகள் தடவிவிடுகிறார்கள். சுணை அதில்தான் அதிகம். தேய்க்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். வெளிச்சத்தில் கையைச் சாய்த்துப் பிடித்தால் சுணை மஞ்சள் மயிர்போல மின்னும். சிறு இடுக்கியால் எடுக்க முடிந்ததை எடுங்கள். மிஞ்சியதன்மேல் வெள்ளை ஃபெவிக்காலைத் தடவி, அதன்மேல் ஒற்றை மடிப்புக் காஸ் துணியை ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் உரித்தெடுங்கள். உடனே இறுகும் பசைகளைப் பயன்படுத்தக் கூடாது. துணிக் கையுறையில் சுணை ஏறினால் அது அங்கேயே தங்கிவிடும் என்பதால், செடியைத் தூக்க நாளிதழ் மடிப்போ சமையலறை இடுக்கியோ போதும்.

இரண்டு மூன்று நாளுக்குப் பிறகும் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, மூட்டின் அருகே முள் முறிந்து உள்ளே தங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டால் வீட்டில் எதையும் எடுக்க முயலாமல், கண்ணைத் தேய்க்காமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சுணை கண்ணில் ஏறியிருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.